ழகரம் வேறு எந்த மொழிகளில் இருக்கிறது? நீங்களே சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

"ழ தமிழிலும் மலையாளத்திலும் மட்டும்தான்" என்று ஒரு கூட்டம். "அமெரிக்கன் இங்கிலீஷில் இருக்கே, சீனத்தில் இருக்கே" என்று இன்னொரு கூட்டம். இரண்டு பக்கமும் மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கின்றன. அந்த மொழியைப் பேசுபவர் வாயில் அந்த ஒலி வருகிறதா? வந்தால், சொல்லின் பொருளை மாற்றும் தனி ஒலியாக நிற்கிறதா? அதை எந்த எழுத்தால் எழுதுகிறார்கள்? இந்த வரிசையில்தான் கேட்க வேண்டும். புதிதாக இறங்குபவர்கள் கடைசிக் கேள்வியிலிருந்து, அதாவது எழுத்திலிருந்து, தொடங்குகிறார்கள். தவறுகளில் பாதி அங்கேயே விளைந்துவிடுகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை ஓர் ஆள். ழ, ள இரண்டையும் யோசிக்காமல் பிரித்துச் சொல்பவராக இருக்க வேண்டும். அது நீங்களாகவே இருக்கலாம், ஆனால் நம்பிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தென் மாவட்டங்களிலும் இலங்கையிலும் பலருடைய பேச்சில் ழ, ளகரமாகிவிடும். பழைய சென்னைப் பேச்சில் அது யகரமாகி 'வாயப்பயம்' ஆகும். மேடையில் ழகரத்தைச் சரியாகச் சொல்பவர் வீட்டுப் பேச்சில் விட்டுவிடுவதும் உண்டு. அளவுகோலே ளகரமாக இருந்தால் பிறகு எந்த மொழியிலும் ழ கிடைக்காது.

இரண்டாவது, பதிவுக் கருவி. கைபேசி போதும். வாவ் (WAV) கோப்பாக, 44,100 ஹெர்ட்ஸில் பதியும் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். தொலைபேசி உரையாடலைப் பதிந்து வைத்து ஆராயாதீர்கள். பழைய தொலைபேசி வழித்தடம் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். நாம் பார்க்கப்போகும் முக்கிய அடையாளம் அந்த எல்லைக்குள் அடங்கிவிடும், ஆனால் ஒலியில் உரசல் இருக்கிறதா என்பது தெரியாது. சீன மொழிக்கு வரும்போது அந்த உரசல்தான் வழக்கே.

மூன்றாவது, ஒலியை அலசும் பிராட் (Praat) என்ற மென்பொருள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் புர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கியது, இலவசம். கூடவே ஐபிஏ எனப்படும் பன்னாட்டு ஒலிக்குறி அட்டவணையின் அச்சுப்படி ஒன்று.

2. முதலில் உங்கள் வாயில் உறுதி செய்யுங்கள்

ஐந்து சொற்கள்: அலை, அளை, அழை, அரை, அறை. முன்னும் பின்னும் ஒரே உயிர், நடுவில் மட்டும் மாற்றம். இந்த ஐந்தைத்தான் கடைசிவரை பயன்படுத்தப் போகிறோம். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் அரையும் அறையும் பேச்சில் ஒன்றாகிவிட்டதால் உங்களுக்கு நான்கே கிடைக்கலாம். அதனால் பாதகமில்லை.

தொல்காப்பியம் ழகரத்தை எதனோடு சேர்த்தது என்று பாருங்கள்: "நுனிநா அணரி அண்ணம் வருட ரகார ழகாரம் ஆயிரண்டும் பிறக்கும்." நா நுனி மேலே நிமிர்ந்து அண்ணத்தை வருட, ர, ழ இரண்டும் பிறக்கும் என்று பொருள். ல, ள இரண்டுக்கும் வேறு நூற்பா. அங்கே நாவின் விளிம்பு வீங்கும். அதாவது ழகரம் ரகரத்தின் உறவு, ளகரத்தின் உறவு அல்ல. 'ல, ள, ழ' என்று பள்ளியில் ஒரே மூச்சில் ஒப்பித்த பழக்கம் இதை மறைத்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தோடு பிற மொழிக்குப் போனால் லகரக் குடும்பத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலான மொழிகளில் இந்த ஒலி இருப்பதோ ரகரக் குடும்பத்தில்.

மூன்று சோதனைகள்:

நீட்டுங்கள். 'அழ்ழ்ழ்' என்று மூச்சு உள்ளவரை இழுக்க முடியும். 'அரை'யில் வரும் ரகரத்தை அப்படி இழுக்க முடியாது. நா ஒருமுறை தட்டிவிட்டு இறங்கிவிடும். இழுத்தால் அது உருண்டு வேறு ஒலியாகிவிடும்.

நாவை அசைக்காமல் மூச்சை உள்ளே இழுங்கள். 'அள்' என்று நிறுத்தி வாய் வழியாகச் சட்டென்று காற்றை உறிஞ்சினால் நாவின் இரு பக்கமும் குளிரும். 'அழ்' என்று நிறுத்தி உறிஞ்சினால் நடுவில் குளிரும். ழகரத்தில் நா எங்கேயும் அடைப்பதில்லை, காற்று நடுவழியே போகிறது. இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். ழ-வா ள-வா என்ற சண்டைகளில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும்.

உரசல் கேட்கிறதா என்று பாருங்கள். ழகரத்தில் காற்று சீறாது. சீறினால் இடைவெளி மிகவும் குறுகிவிட்டது என்று பொருள். அது வேறு ஒலி, ஐபிஏ-யில் அதற்கு வேறு குறி.

3. பதிவு செய்தல்

மின்விசிறியை நிறுத்துங்கள். கைபேசியை வாய்க்கு நேரே பிடிக்காமல் கொஞ்சம் ஓரமாக, ஒரு சாண் தள்ளி வையுங்கள். சொற்களைத் தனித்தனியாகச் சொல்ல வைக்காதீர்கள். பட்டியலாக வாசிக்கும்போது குரல் கடைசியில் இறங்கி, நா பாதியிலேயே நின்றுவிடும். 'நான் ___ என்று சொன்னேன்' என்ற ஒரே வாக்கியத்துக்குள் ஒவ்வொரு சொல்லையும் வைத்து, ஐந்து தடவை, வரிசையை மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். வரிசையை மாற்றாவிட்டால் பேசுபவர் எதைச் சோதிக்கிறீர்கள் என்று கண்டுபிடித்து, அந்த ஒலியை மட்டும் அழுத்தத் தொடங்குவார். இது மற்ற மொழிக்காரரைப் பதியும்போது இன்னும் அதிகம் நடக்கும்.

4. திரையில் ழகரத்தை அடையாளம் காணுதல்

கோப்பை பிராட்டில் திறந்ததும் பலர் "ஒன்றுமே தெரியவில்லை" என்பார்கள். இயல்பு அமைப்பில் பத்து விநாடிக்கு மேற்பட்ட நீளத்துக்கு அது ஒலியின் அலைவெண் படத்தை (ஸ்பெக்ட்ரோகிராம்) வரையாது. சொல்லைத் தேர்ந்து பெரிதாக்குங்கள். பார்க்கும் எல்லையை 0 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை வையுங்கள். ஃபார்மன்ட் (வாய்க்குழாயின் ஒத்ததிர்வு) உச்ச வரம்பை ஆண் குரலுக்கு 5,000, பெண் குரலுக்கு 5,500 என்று அமையுங்கள்.

கறுப்புப் பட்டைகள் தெரியும். அவைதான் அந்த ஒத்ததிர்வுகள். கீழிருந்து மூன்றாவதைத்தான் பார்க்க வேண்டும். சுமார் 17.5 செ.மீ. நீளமுள்ள, எங்கும் ஒரே அகலமான குழாயில் இந்தப் பட்டைகள் 500, 1,500, 2,500 என்று நிற்கும். ஆண் குரலில் மூன்றாவது பட்டை பொதுவாக அந்த 2,500-ஐ ஒட்டியே இருக்கும். 'அழை' சொல்லும்போது அது சரிந்து 2,000-க்குப் பக்கத்திலோ கீழேயோ வந்து, இரண்டாவது பட்டையை நெருங்கும். சரிவு ழகரத்தில் தொடங்குவதில்லை, அதற்கு முந்தைய அகரத்திலேயே தொடங்கிவிடுகிறது. நா முன்கூட்டியே மேலே வளையத் தொடங்குவதுதான் காரணம். மற்றவற்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 'அரை'யில் இரண்டு மூன்று நூற்றிலொரு பங்கு விநாடிக்கு ஒரு சிறு வெட்டு. 'அளை'யில் நா ஒட்டும் இடத்திலும் விடும் இடத்திலும் விளிம்பு தெரியும். 'அழை'யில் விளிம்பே இருக்காது. உயிரிலிருந்து வழுக்கி வந்து உயிருக்குள் வழுக்கிப் போகும்.

இங்கே இரண்டு சறுக்கல்கள்.

ஒன்று, பட்டைகளைக் குறிக்க மென்பொருள் இடும் சிவப்புப் புள்ளிகளை அப்படியே நம்புவது. இரண்டாம் மூன்றாம் பட்டைகள் நெருங்கும்போது மென்பொருள் இரண்டையும் ஒன்றாக எண்ணி, நான்காவதை மூன்றாவது என்று காட்டும். விளைவு, ழகரத்தில் மூன்றாவது பட்டை ஏறியதாக எண் வரும். புள்ளிகள் திடீரென்று மேலே தாவினால் கண்ணால் கறுப்புப் பட்டையைப் பின்தொடருங்கள். ஃபார்மன்ட் எண்ணிக்கையை 5-இலிருந்து 5.5 ஆக்கிப் பாருங்கள்.

இரண்டாவது சறுக்கல் பெரியது. மூன்றாவது பட்டை சரிந்துவிட்டால் 'நா வளைந்துவிட்டது' என்று எழுதிவிடுவது. அமெரிக்க ஆங்கிலத்தின் 'ரெட்', 'கார்' ஆகியவற்றில் வரும் ஒலியிலும் அது இதே அளவுக்குச் சரிகிறது. ஆனால் அதைச் சொல்பவர்களில் பலர் நுனியை உயர்த்துவதே இல்லை. நுனி கீழே கிடக்க, நாவின் நடுப்பகுதியைத் திரட்டி மேலே தூக்குகிறார்கள். 1968-இல் டெலாட்ரும் ஃப்ரீமனும் எக்ஸ்ரே படமெடுத்து இந்த வேறுபாடுகளை வகைப்படுத்தினார்கள். காதுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். போதாக்குறைக்கு உதட்டைக் குவித்தாலும் மூன்றாவது பட்டை இறங்கும், ஆங்கிலத்தில் உதடு குவிகிறது. எனவே படத்தை வைத்து 'ழகரம் போன்ற ஒலி' என்று மட்டுமே சொல்லலாம். நாவின் வடிவைச் சொல்ல எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்ட், எக்ஸ்ரே இவற்றில் ஒன்று வேண்டும். தமிழுக்கு அது உண்டு: ஸ்ரீகாந்த் நாராயணன், டானி பெர்ட், அபிகெயில் கான் மூவரும் தமிழின் ல, ள, ழ, ர, ற ஒலிகளை எம்ஆர்ஐ முதலான முறைகளில் ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டார்கள்.

5. பிற மொழிகளில் தேடுதல்

ஐபிஏ-யில் நமக்கு வேண்டிய குறி: ஆங்கிலச் சிறிய 'ஆர்' தலைகீழாகத் திரும்பி, வலது காலில் கொக்கியோடு இருக்கும். இதன் அண்டைவீட்டுக் குறிகள் மூன்று. கொக்கி இல்லாத தலைகீழ் ஆர் பல்முகட்டில் பிறப்பது. நேராக நிற்கும் ஆரின் காலில் கொக்கி இருந்தால் அது நா வளைந்து அடிக்கும் ஒலி, இந்தியின் 'லட்கா' (பையன்) என்ற சொல்லில் நாம் டகரமாக எழுதுவது. 'இசட்' காலில் கொக்கி இருந்தால் உரசொலி. சிறிய எழுத்தில் அச்சான நூலில் இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் படிப்பது அன்றாடம் நடப்பது.

மொழிகளின் ஒலிப்பட்டியல்களைத் தொகுத்துள்ள ஃபாய்பிள் (PHOIBLE) என்ற இணையத் தரவுத்தளத்தில் தொடங்கலாம். 2019 பதிப்பில் 2,186 மொழிகளுக்கு 3,020 ஒலிப்பட்டியல்கள் உள்ளன. மொழிகளைவிடப் பட்டியல்கள் ஏன் அதிகம்? ஒரே மொழிக்குப் பல ஆய்வாளர்கள் தனித்தனிப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள், அவை ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே ஒரு பட்டியலில் குறியைப் பார்த்ததும் நிறுத்தாதீர்கள். அந்த மொழிக்கான எல்லாப் பட்டியல்களையும் திறந்து, மூல நூல் என்ன விவரிக்கிறது என்று படியுங்கள். சோம்பலுக்கு வெறும் 'ஆர்' போட்டுவிட்டு, உள்ளே விளக்கத்தில் 'நா வளைந்து, தொடாமல்' என்று எழுதியிருப்பவர்களும் உண்டு.

சீனத்தின் மாண்டரின் இதற்கு நல்ல பயிற்சி. 'மனிதர்', 'நாள்', 'இறைச்சி' என்ற பொருள்தரும் சொற்கள் இந்த ஒலியில் தொடங்குகின்றன. ஒரு நூலில் கொக்கியிட்ட இசட், ஒன்றில் நம் குறி, இன்னொன்றில் கொக்கியில்லாத் தலைகீழ் ஆர். யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள், சொல்லுக்குச் சொல், சீறல் கூடிக் குறைகிறது. பதிவு கிடைத்தால் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பரவலான சாம்பல் நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உரசல்.

6. எழுத்து காட்டும் மாயங்கள்

இப்போதுதான் எழுத்துக்கு வர வேண்டும். ஏன் இவ்வளவு தாமதம் என்பதற்கு ஆஸ்திரேலியா போதும்.

பிட்ஜன்ட்ஜாரா மொழியில் ழ ஒலியைக் கீழே கோடிட்ட ஆரால் எழுதுகிறார்கள். கோடில்லாத ஆர் தட்டும் அல்லது உருளும் ரகரம். சற்று வடக்கே வால்பிரி மொழியில் கோடில்லாத ஒற்றை ஆர்தான் ழ. ரகரத்துக்கு இரட்டை ஆர். நம் பக்கத்தில் தமிழை ஆங்கில எழுத்தில் பெயர்க்கும் ஐஎஸ்ஓ முறையில் கீழ்க்கோடிட்ட ஆர் என்றால் றகரம், ழகரத்துக்கோ கீழ்க்கோடிட்ட எல். ஒரே கோடு, மூன்று கணக்கு.

கையோடு ஒரு சொல்: மத்திய ஆஸ்திரேலியாவின் அந்தச் செம்பாறையை நாம் 'உலுரு' என்று எழுதுகிறோம். அந்த மண்ணின் மக்கள் எழுதும் முறையில் அதன் ஆருக்குக் கீழே கோடு உண்டு. ஆகவே 'உலுழு' என்றால்தான் கிட்ட வரும். 'வால்பிரி' என்பதும் அவர்கள் வாயில் ஏறத்தாழ 'வள்பிழி'. நடுவில் நம் ளகரமும் பிறகு நம் ழகரமும். தமிழர் நாவுக்கு இது சிரமமே இல்லை.

ஆங்கிலத்தில் 'இசட் எச்' என்று எழுதியிருந்தால் மூன்று முறை யோசியுங்கள். தமிழ், மலையாளப் பெயர்களில் அது ழ. சீனத்தின் பின்யின் எழுத்துமுறையில் அது நா வளைந்து அடைத்துச் சீறும் வேறு ஒலி. பின்யினில் ழகரத்துக்குக் கிட்ட வருவது வெறும் 'ஆர்'. ரஷ்யப் பெயர்களில் 'இசட் எச்' என்பது ஆங்கில 'மெஷர்' நடுவில் கேட்கும் உரசொலி. சீனக் குடும்பப் பெயர்களை 'ழ' போட்டுத் தமிழில் எழுதுவது இந்தக் குழப்பத்தின் விளைவுதான்.

எழுத்து இருப்பதால் ஒலி இருக்கிறது என்றும் கொள்ளாதீர்கள். தேவநாகரியில் ளகரத்தின் கீழ் புள்ளி வைத்து ஓர் எழுத்து உண்டு. திராவிட மொழிச் சொற்களைப் பெயர்த்து எழுத வைத்தது அது, இந்தி பேசுபவர் வாயில் அதற்கு வேலை இல்லை. கன்னடத்தில் பழைய ழகர எழுத்து யூனிகோடில் இருக்கிறது, ஆனால் பெயரால் தேடினால் கிடைக்காது. 'கன்னட எழுத்து ஃபா' என்று தவறாகப் பெயர் வைத்துவிட்டார்கள். யூனிகோடில் ஒருமுறை வைத்த பெயரை மாற்றும் வழக்கமில்லை என்பதால் அது அப்படியே நிற்கிறது.

7. ஒலியா, ஒலியனா?

ஒலி இருப்பது உறுதியான பின் கேட்க வேண்டியது: அதை மாற்றினால் வேறு சொல் பிறக்கிறதா? பிறந்தால் அது ஒலியன், அதாவது பொருளை மாற்றும் தனி ஒலி.

மலையாளத்தில் 'கழிக்குக' என்றால் சாப்பிடுவது, 'களிக்குக' என்றால் விளையாடுவது. ஒலியன்தான், சந்தேகமில்லை. மாண்டரினில் 'இறைச்சி'யின் முதல் ஒலியை லகரமாக்கினால் 'ஒழுகுதல்' என்ற பொருள் வரும், ஆக அங்கும் ஒலியன். ஆனால் எதிரே நிற்க வேறு ரகரம் கிடையாது. சிலி, அர்ஜென்டினா நாடுகளின் மாபுச்சே மக்கள் பேசும் மாபுடுங்குனிலும் அப்படியே. அவர்களுடைய 'ருகா' (வீடு) ழகரம் போன்ற ஒலியில்தான் தொடங்குகிறது. தமிழில் ழ சொல்லுக்கு முதலில் வராது என்ற பழக்கத்தால் சொல்லின் நடுவில் மட்டும் தேடுபவர்கள் இந்த இரண்டு மொழிகளையும் தவறவிடுவார்கள்.

பிரேசிலில் சாவ் பாவ்லோ மாநிலத்தின் உள்நாட்டுப் போர்த்துகீசியத்தில் 'போர்தா' (கதவு) என்பதை ழகரம் தொனிக்கச் சொல்வார்கள். நெதர்லாந்தில் டச்சு பேசும் பலரிடம் உயிருக்குப் பின் வரும் ரகரம் இப்படி ஆகும். இவை இடத்தைப் பொறுத்து ரகரம் எடுக்கும் வேடம், தனி ஒலியன் அல்ல. பட்டியலில் சேர்க்கலாம், ஆனால் வேறு பத்தியில்.

உண்மையில் அரிது எது என்றால், ழகரம் வேறு ரகரத்தோடும் வேறு லகரத்தோடும் ஒரே நேரத்தில் எதிர்நிற்பது. தமிழ், மலையாளம், வால்பிரி போன்றவை அந்த வகை. வால்பிரியில் இரட்டை ஆர், ஒற்றை ஆர், 'ஆர் டி' என்று எழுதப்படும் நாவளை அடியொலி என மூன்று ரகரங்கள், கூடவே லகர வகைகள் தனி. 'எங்களிடம் மட்டும்' என்பதைவிட இதுதான் சொல்லத் தகுந்த பெருமை, அதுவும் பங்காளிகளோடு.

8. திராவிட மொழிகளில் தேடுவது வேறு வேலை

இங்கே கேள்வி 'இருக்கிறதா' என்பதல்ல, 'எங்கே போனது' என்பது. ஒரே சொல்லை வரிசையாக வையுங்கள். தமிழ், மலையாளம் கோழி. கன்னடம் கோளி. தெலுங்கு கோடி. துளு கோரி (மங்களூர்க் கடைகளில் 'கோரி ரொட்டி' சாப்பிட்டிருப்பீர்கள்). அடுத்து ஏழு: கன்னடத்தில் ஏளு, தெலுங்கில் ஏடு. வாழை: கன்னடத்தில் பாளெ, துளுவில் பாரெ.

இரண்டு சொல் கிடைத்ததும் 'தெலுங்கில் ழ என்றால் ட' என்று விதி எழுதிவிடாதீர்கள். பழைய தெலுங்கில் 'பழைய' என்பதற்கு இணையாக 'ப்ராத', இப்போது 'பாத'. 'கீழ்' என்பதற்கு 'க்ரிந்த', இப்போது 'கிந்த'. ழகரம் ரகரமாகி முன்னே தாவி, பிறகு மறைந்தே போயிற்று. கன்னடத்திலும் மெய்க்கு முன் வேறு கதை: 'பொழுது'க்கு இணை 'ஹொத்து', ழகரத்தின் தடயமே இல்லை. எனவே ஒவ்வொரு சூழலுக்கும் தனியாக ஐந்தாறு சொற்களாவது சேர்த்த பிறகே விதி எழுதுங்கள். பர்ரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் 1984 பதிப்பு இதற்குக் கட்டாயம் வேண்டும். வட்டார ஒலிப்பை மட்டும் நம்பினால், கடன் வாங்கிய சொல்லும் உறவுச் சொல்லும் கலந்துவிடும்.

9. கண்டதைப் பதிவு செய்யும் முறை

ஒரு மொழிக்கு ஒரு வரி, ஐந்து கட்டங்கள்: ஒலி உண்டா, ஒலியனா, சொல்லில் எங்கே வரும், எந்த எழுத்து, எதை வைத்துச் சொல்கிறீர்கள். கடைசிக் கட்டத்தில் 'சொந்தப் பதிவு', 'நூல் விவரிப்பு', 'நாப்படம்' என்று பிரித்து எழுதுங்கள். மூன்றும் ஒரே எடை அல்ல.

மாதிரிக்கு அமெரிக்க ஆங்கிலம்: கேட்க ழ போன்ற ஒலி உண்டு. ஒலியன், ஆனால் வேறு ரகரம் எதிரே இல்லை. முதல், இடை, கடை மூன்றிலும் வரும். எழுத்து ஆர். ஆதாரம் நாப்படம்: சிலருக்கு நுனி உயரும், பலருக்கு நடு நா திரளும்.

முதல் கட்டத்தை நிரப்ப முடியாமல் இரண்டு ஆதாரங்கள் முரண்பட்டால், இரண்டையும் எழுதி விட்டுவிடுங்கள். மாண்டரின் வரியில் 'ழ, உரசொலி' என்று இரண்டும் நிற்பதுதான் சரியான விடை. ஒன்றை அடித்துவிட்டால் அடுத்து ஒரு பெய்ஜிங்காரரைப் பதியும்போது திரும்பவும் எழுத வேண்டி வரும்.